கைரேகைக்கு வயது உண்டா?



2008ஆம் ஆண்டில், நாம் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்தில் ஒரு திருட்டு நடந்தது. ஸ்டோரில் வைத்திருந்த களைக்கொல்லி, அதாவது நாம் புல்லு மருந்து என்று சொல்கிறோமே, அது இரவோடு இரவாக டின் டின்னாகக் காணாமற்போனது. ஸ்டோரின் பின்புறத்தில் ஒரு சன்னல். கண்ணாடிப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைக்கும் வகைச் சன்னல் அது. அதிலிருந்து இரண்டு பட்டைகளை உருவிப் புல்லின்மேல் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த இடைவெளி வழியாக உள்ளே நுழைந்திருக்கிறார்கள்.

காவல்துறையினர் வந்தார்கள். கண்ணாடியில் கரும்பொடி தூவினார்கள். பட்டைகளின் இரு பக்கத்திலும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. தோட்டத்தில் சிலரை அழைத்து ரேகை எடுத்து ஒப்பிட்டபோது, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுடைய ரேகை பொருந்திவிட்டது. அவன் நம்மிடம் படித்தவன் அல்லன். நாம் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வருமுன்பே ஆறாம் ஆண்டை முடித்துவிட்டவன். ஆனால் அவன் தங்கை நம் வகுப்பில் இருந்தாள். அவனை நான்கு நாள் காவலில் வைத்து விசாரித்தார்கள்.

மூன்றாம் நாள், பால்வெட்டு முடிந்த கையோடு, கைலியில் பால் காய்ந்திருக்க, அவன் தாயார் பள்ளிக்கூடப் படியில் வந்து நின்றார். "வாத்தியாரையா, எம்மகன் ரேகைதான்னு சொல்றாங்க. சரி, இருக்கட்டும். அது எப்பப் பட்டதுன்னு அந்தக் கண்ணாடி சொல்லாதா?" என்று கேட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் கேட்ட கேள்வியை அறிவியலறிஞர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்று நமக்குத் தெரியாது. "தெரியாதும்மா" என்றுதான் சொன்னோம். பிறகு படித்தோம். படித்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கைரேகை நம் மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. கையெழுத்துப் போடத் தெரியாத நம் பாட்டன் பாட்டிமார், சம்பள நாளில் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தவர்கள். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, மலாயாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கெல்லாம் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு கொடுத்தார்கள். 2001இல் வந்த மைகாட் அட்டையின் சிறு தகட்டுக்குள்ளும் நம் இரு பெருவிரல்களின் ரேகைகள் பதிந்திருக்கின்றன. தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும் இந்தக் கோடுகள் ஒருவருடையதைப் போல் மற்றொருவருக்கு அமைவதில்லை; ஒட்டிப் பிறந்தாற்போல் இருக்கும் இரட்டையர்களுக்கும் வேறுவேறுதான்.

கைநாட்டு வைக்கும்போது மை இருக்கிறது. பக்கத்தில் தேதியும் எழுதப்படுகிறது. ஆனால் கண்ணாடியிலும் கதவிலும் நாம் அறியாமல் விட்டுச்செல்லும் ரேகைக்கு மையும் இல்லை, தேதியும் இல்லை. நம் உடம்பிலிருந்து கசிந்த பொருள்தான் அதற்கு மை. அந்த மை எதனால் ஆனது, நாளாக ஆக அது என்ன ஆகிறது என்பதே இன்றைய பேச்சு.

இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையை நன்றாகக் கழுவித் துடையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, ஒரு விரலைக் குவளையில் அழுத்தி எடுங்கள். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் ரேகை மங்கலாகத்தான் தெரியும். இப்போது அதே விரலால் நெற்றியையோ மூக்கின் ஓரத்தையோ ஒருமுறை தடவிவிட்டு, பக்கத்தில் இன்னொரு தடவை அழுத்துங்கள். இந்த இரண்டாவது ரேகை பளிச்சென்று தெரியும்.

ஏன் இந்த வேறுபாடு? நம் உள்ளங்கையிலும் விரல்நுனியிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அங்கே இருப்பவை வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். மேடாக ஓடும் ஒவ்வொரு கோட்டின் முகட்டிலும் வரிசையாகச் சின்னஞ்சிறு துளைகள் உள்ளன. அவற்றின் வழியே வியர்வை கசிகிறது. வியர்வையில் பெரும்பகுதி தண்ணீர். மீதி உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள். எண்ணெயோ முகத்திலும் தலையிலும் சுரப்பது. ஒரு நாளைக்கு எத்தனை முறை முகத்தைத் தொடுகிறோம், தலைமுடியை ஒதுக்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அப்போதெல்லாம் அந்த எண்ணெய் விரலில் ஏறிக்கொள்கிறது. ஆக, ஒரு ரேகை என்பது கையின் வியர்வையும் முகத்தின் எண்ணெயும் கலந்த பூச்சு. மொத்தத்தையும் சுரண்டி எடுத்து நிறுத்தாலும், கல்லுப்பில் ஒரு சிறு கல்லின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அவ்வளவு சிறிய பூச்சுக்குள் பலவகைப் பொருள்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் மாறுகின்றன.

முதலில் விடைபெறுவது தண்ணீர். நம் நாட்டு வெயிலில் அதைச் சொல்லவே வேண்டாம். ரேகை பதிந்த சில நிமிடங்களிலேயே உலரத் தொடங்கி, சில மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடுகிறது. காவல்துறையினர் தூவும் பொடி ஈரத்திலும் எண்ணெய்ப் பசையிலும்தான் ஒட்டும். அதனால்தான் பழைய ரேகையில் பொடி சரியாகப் பிடிப்பதில்லை. 1970களின் கடைசியில் ஜப்பானில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உடைந்ததை உடனே ஒட்டும் பசை கடையில் விற்கிறதே, அதன் ஆவியைப் பொருளின்மேல் செலுத்தினால் ரேகைக் கோடுகள் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதற்கும் ரேகையில் கொஞ்சம் ஈரம் வேண்டும். உலர்ந்துபோன ரேகை என்றால் ஈரக்காற்றுப் பட வைத்துவிட்டுத்தான் அந்த வேலையைச் செய்வார்கள்.

தண்ணீர் போனாலும் உப்பு போவதில்லை. இதை நம் வீட்டுப் பெண்கள் எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே அறிவார்கள். தீபாவளிக்கு முன்னால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி வைத்தபின், பிள்ளைகள் யாராவது தொட்டுவிட்டால் என்ன ஆகிறது? அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் விரல் பட்ட கறுப்பு இருக்கும். வியர்வை உப்பு பித்தளையை அரித்த தழும்பு அது. துணியால் துடைத்தாலும் போகாது. 2008ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், சுடப்பட்ட பித்தளைத் தோட்டா உறைகளில் இருந்த ரேகைகளை இந்த அரிப்பைக் கொண்டே வெளிக்கொணர்ந்து காட்டினார்கள். துப்பாக்கிச் சூட்டின் வெப்பம் பட்ட உறைகள் அவை. அந்த வெப்பத்தில் எண்ணெயும் ஈரமும் போய்விட்டாலும் உலோகத்தில் விழுந்த தழும்பு நின்றுவிட்டது.

காகிதத்தில் கதை வேறு. காகிதத்தில் பட்ட வியர்வையின் அமினோ அமிலங்கள் அதன் நாரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். 1910இல் சீக்ஃபிரீட் ரூமான் என்னும் வேதியியலார் நின்ஹைட்ரின் என்ற மருந்தைக் கண்டறிந்தார். அமினோ அமிலம் பட்டால் அது ஊதா நிறமாக மாறும். இதை வைத்துக் கைரேகையைத் தேடலாம் என்று சொன்னவர்கள் சுவீடன் நாட்டுக்காரர்கள், அது 1954இல். இந்த முறையில் பல பத்தாண்டுகளுக்கு முன் காகிதத்தில் பட்ட விரலையும் காணமுடிந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகங்களில், அவர்கள் எழுதியது அழிந்தாலும் அழியாத விரல்கள் இருக்கக்கூடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால் பொறுத்தருள வேண்டும்.

நம் முகத்து எண்ணெயில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்றே மேலாக ஸ்குவாலின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. 1906ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலார் மிட்சுமாரு சுஜிமோட்டோ இதை முதன்முதலில் பிரித்தெடுத்தது சுறாமீனின் ஈரல் எண்ணெயிலிருந்து. இந்த ஸ்குவாலின் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? ஐந்து கரி அணுக்கள் கொண்ட ஒரு சிறு துண்டு. அதற்கு ஐசோப்ரீன் அமைப்பு என்று பெயர். அத்தகைய ஆறு துண்டுகளைக் கோத்தால் ஸ்குவாலின். அதே துண்டை ஆறோடு நிறுத்தாமல் ஆயிரம் ஆயிரமாகக் கோத்துக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்?

ரப்பர் கிடைக்கும், நேயர்களே. நாம் விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வெட்டுகிறோமே, அந்த மரத்துப் பாலில் மிதக்கும் அதே ரப்பர். துண்டுகள் இணைந்திருக்கும் வளைவில் ஒரு வேறுபாடு உண்டு. ஆனால் செங்கல் ஒன்றே. நம் நெற்றியில் சுரக்கும் எண்ணெயும் மங்கில் சொட்டும் பாலும் ஒரே குடும்பத்து உறவினர்கள்.

குடும்பம் ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றாக இருக்கும் அல்லவா? பழைய ரப்பர் வளையத்தை மேசைக்குள்ளிருந்து எடுத்துப் பாருங்கள். ஒன்று பிசுபிசுத்திருக்கும், அல்லது தொட்டதும் ஒடிந்துவிடும். வெயிலில் நிற்கும் சைக்கிள் டயரின் பக்கங்களில் வெடிப்பு வெடிப்பாக ஓடியிருக்கும். இதற்குக் காரணம் காற்று. ஐசோப்ரீன் துண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு கரி அணுக்கள் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் இடம் உண்டு. அதை இரட்டைப் பிணைப்பு என்பார்கள். இரு கையாலும் பிடித்திருப்பதால் அது வலுவான இடம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தாக்குதலுக்கு எளிதில் இடங்கொடுப்பது அதுதான். காற்றில் உள்ள பிராணவாயுவும், மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் என்ற வாயுவும் அந்த இடத்தில் நுழைந்து சங்கிலியை மாற்றுகின்றன, அறுக்கின்றன. ரப்பர் கெடுவது இதனால்தான். ஸ்குவாலினில் இப்படிப்பட்ட இடங்கள் ஆறு இருக்கின்றன. கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சாகக் காற்றுக்கு விரித்து வைத்தாற்போல் கிடக்கும் அந்தச் சிறிதளவு ஸ்குவாலின் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்குவாலின் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது. வெளிச்சத்தில் வைத்த ரேகையில் விரைவாகவும், இருட்டில் வைத்ததில் மெதுவாகவும் குறைகிறது. வேறு சில கொழுப்பு அமிலங்களோ முதலில் கூடி, பிறகு குறைகின்றன. பெரிய கொழுப்பு மூலக்கூறுகள் உடையும்போது அவற்றிலிருந்து இவை பிறப்பதால் இந்த ஏற்றம்.

அந்தக் கொழுப்பு அமிலங்களில் முக்கியமான ஒன்றின் பெயரைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். பால்மிட்டிக் அமிலம். பனை இனத்தின் பெயரால் வழங்குவது. நம் செம்பனை எண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இருப்பதும் இதுதான். ரப்பரின் தம்பி ஒருவன், செம்பனையின் தங்கை ஒருத்தி என்று நம் தோட்டத்து விளைச்சல் இரண்டும் விரல்நுனியில் குடியிருக்கின்றன! பால்மிட்டிக் அமிலத்தில் அந்த இரட்டைப் பிணைப்பு கிடையாது. ஆகவே காற்று அதை எளிதில் தொடுவதில்லை. ரப்பரின் தம்பி சில நாளில் உருமாறிப்போக, செம்பனையின் தங்கை நெடுநாள் இருக்கிறாள்.

இருந்தாலும் அவள் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தர அளவை நிலையத்தைச் சேர்ந்த முராமோட்டோ, சிஸ்கோ என்ற இருவர், ரேகையின் மேட்டுக் கோட்டிலிருந்து பக்கத்துப் பள்ளத்திற்குப் பால்மிட்டிக் அமிலம் மெல்ல மெல்லப் பரவுவதைக் கருவியால் படம்பிடித்துக் காட்டினார்கள். எண்ணெய்ச் சொட்டு காகிதத்தில் விரிவது போல. எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்று பார்த்து, எத்தனை நாளாயிற்று என்று சொல்ல முயன்றார்கள். வழுவழுப்பான தகட்டில், முதல் நான்கு நாள் வரையில் அது ஓரளவு இயன்றது.

இங்கே குழந்தைகளைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் ஒரு சிறு பெண்குழந்தை கடத்தப்பட்டாள். அவளை ஏற்றிச் சென்ற கார் என்று கருதப்பட்ட வண்டியை அந்நகரக் காவல்துறையின் ரேகை வல்லுநர் ஆர்ட் போஹனன் அங்குலம் அங்குலமாகத் தேடினார். அந்தக் குழந்தையின் விரல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதால் அவள் அதில் இருக்கவில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அவருக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் உள்ள தேசிய ஆய்வுக்கூடத்தில் மிஷெல் புக்கானன் என்ற வேதியியல் அம்மையாரை அணுகினார். பிள்ளைகளின் விரல்களில் இருப்பதையும் பெரியவர்களின் விரல்களில் இருப்பதையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரியவர்களின் பூச்சில் கனமான, ஆவியாகாத கொழுப்புகள் மிகுதி. பிள்ளைகளின் பூச்சில் எளிதில் ஆவியாகிவிடும் இலேசான பொருள்கள் மிகுதி. முகத்து எண்ணெய்ச் சுரப்பிகள் முழுமையாக வேலை செய்யத் தொடங்குவது பருவமெய்தும்போதுதானே! ஆகவே சூடேறிய ஒரு காருக்குள், ஒரே நேரத்தில் பதிந்த தாயின் விரல் நிற்கலாம்; பிள்ளையின் விரல் மறைந்துவிடலாம். நாம் முதலில் இதைப் படித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம்.

சரி, இத்தனை மாற்றங்களும் தெரிந்துவிட்டனவே. இவற்றை வைத்து ரேகையின் வயதைக் கணக்கிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். 2014இல் நெதர்லாந்தின் தடயவியல் நிலையத்தார், பதினைந்து நாளுக்குட்பட்ட ரேகை என்றால் ஓரிரு நாள் முன்பின்னாகத் தேதி சொல்ல முடிகிறது என்று அறிவித்தார்கள். 2020இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யங் ஜின் லீ குழுவினர், ஓசோன் தின்ற கொழுப்புகள் எத்தனை, தின்னாமல் மிஞ்சியவை எத்தனை என்று எண்ணி ஏழு நாள் வரை கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஆனால் இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தில், சிலருடைய விரல்களை வைத்து, அறையின் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் அறிந்துகொண்டு செய்தவை. நடந்த இடத்தில் கிடைத்த யாரோ ஒருவருடைய ரேகைக்கு அப்படியே பொருந்திவிடுமா?

இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. பால்வெட்டுகிற உங்களுக்கு மங்கு தெரியும். காலையில் விழுந்த பால் வெயில் ஏற ஏறக் கெட்டியாகத் தொடங்கும். மங்கைப் பார்த்தே இந்த மரம் வெட்டி எவ்வளவு நேரமாயிற்று என்று அனுபவமுள்ள ஒருவர் சொல்லிவிடுவார். எப்போது சொல்லமுடியும்? அந்த மரத்தின் பால் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மங்கு நிழலில் இருந்ததா வெயிலில் இருந்ததா, நேற்றைய மழைத்தண்ணீர் கொஞ்சம் தங்கியிருந்ததா, கழுவாத மங்கா, கட்டாமலிருக்க அம்மோனியா ஊற்றியிருந்தார்களா என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாமல், எந்தத் தோட்டத்து மங்கோ ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, இது எத்தனை மணிக்கு வெட்டியது, சத்தியம் பண்ணிச் சொல் என்றால், நியாயமுள்ள எவரும் சொல்ல மாட்டார்.

ரேகையின் நிலை இதுவே. வெப்பம், வெளிச்சம், காற்றோட்டம், ஈரம், தொட்ட பொருள் கண்ணாடியா மரமா என்பது எல்லாம் சேர்ந்து அதன் கடிகாரத்தை விரைவாகவோ மெதுவாகவோ ஓடவைக்கின்றன. போதாக்குறைக்கு, தொடக்கத்தில் என்ன இருந்தது என்பதும் தெரியாது. எரிந்துகொண்டிருக்கும் ஊதுவத்தியில் அரை விரல் நீளம் மிச்சம் இருக்கிறது. எவ்வளவு நேரமாக எரிகிறது? ஏற்றும்போது முழு ஊதுவத்தியா, பாதியா என்று தெரிந்தால்தானே சொல்லலாம். ஒருவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து தொட்டிருப்பார். இன்னொருவர் சோப்புப் போட்டுக் கழுவிய கையால் தொட்டிருப்பார். ஒரே மனிதரின் காலை விரலும் மாலை விரலும்கூட ஒன்றல்ல. இதைச் சரிக்கட்ட ஆராய்ச்சியாளர்கள் ஒரு யுக்தி செய்கிறார்கள். ஒரு பொருளை மட்டும் அளக்காமல், விரைவில் அழிவது ஒன்றையும் மெதுவாக அழிவது ஒன்றையும் சேர்த்து அளந்து, இதற்கு அது எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். 2011இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தினர் ஸ்குவாலினையும் கொலஸ்டிராலையும் இப்படி ஒப்பிட்டார்கள். நல்ல யுக்திதான். அப்படியும் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடு பெரிதாகவே இருந்தது. ரேகை கிடைத்த இடத்தில் வைத்து அதன் தேதியை உறுதியாகச் சொல்லும், நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முறை என்று ஒன்று இன்றளவும் இல்லை. பொடி பளிச்சென்று பிடித்ததால் இது புதிய ரேகைதான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வதற்கும் ஆதாரம் போதாது. குளிர்ந்த, இருண்ட, தூசி படாத இடத்துக் கண்ணாடியில் பழைய ரேகையும் புதியது போலவே நிற்கும்.

இதை முன்பே உணர்ந்த நீதிமன்றமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஒரு வீட்டில் நாணயங்கள் சேர்த்து வைத்திருந்த சாடிகளைத் திருடர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். சாடிகளில் ஒருவருடைய ரேகை இருந்தது. வேறு சாட்சியம் இல்லை. தண்டித்துவிட்டார்கள். மேல்முறையீட்டில், 1967ஆம் ஆண்டு, அந்தத் தண்டனை தள்ளுபடியாயிற்று. ரேகை ஆண்டுக்கணக்கில்கூட நிற்கலாம் என்று அரசுத் தரப்பு வல்லுநரே சாட்சி சொல்லியிருந்தார். அப்படியானால், அந்தச் சாடிகளை அவர் வேறு ஏதேனும் ஒரு சமயத்தில், வேறு ஓர் இடத்தில் தொட்டிருக்க வழியில்லை என்று காட்டவேண்டியது குற்றம் சாட்டியவர்களின் பொறுப்பு; அதைக் காட்டாதபோது தண்டிப்பது வெறும் ஊகம் என்பது நீதிபதிகளின் முடிவு.

இனி, நம் தோட்டத்துக் கண்ணாடிக்குத் திரும்புவோம்.

அந்தத் தாயாரிடம் நாம் தெரியாது என்று சொன்ன அன்று மாலை, பெரிய கிராணியார் வீட்டுத் திண்ணையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சட்டென்று எழுந்து, "வாங்க வாத்தியாரே, ஆபீசுக்குப் போவோம்" என்றார். போய், செக்குரோல் புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். திருட்டு நடப்பதற்கு ஐந்து வாரத்திற்கு முன்னால், கணக்குப் பரிசோதகர்கள் வருகிறார்கள் என்று தோட்டத்தில் எல்லாவற்றையும் துப்புரவு செய்த வாரம் அது. அந்தப் பையனின் பெயருக்கு நேரே கிராணியாரின் கையெழுத்திலேயே இருந்தது: ஸ்டோர் சன்னல் கழுவியது, அரை நாள். அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

அந்த வகைச் சன்னலை எப்படிக் கழுவுவார்கள்? பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, இரு பக்கமும் தேய்த்து, துடைத்து, மறுபடி செருகுவார்கள். உருவித் திருடுகிறவனின் விரல் எந்தெந்த இடத்தில் படுமோ, உருவிக் கழுவுகிறவனின் விரலும் அதே இடத்தில்தான் படும். அதன் பிறகு அந்தச் சன்னலை யாரும் தொடவில்லை, உள்ளே இருட்டு, கூரையின் நீண்ட சாய்ப்பு வெயிலையும் மழையையும் அண்டவிடவில்லை. ஐந்து வாரம் ஒரு ரேகை நிற்பதற்கு அதைவிட வசதியான இடம் வேண்டுமா?

செக்குரோல் அவன் திருடவில்லை என்று நிரூபிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடியில் அவன் விரல் இருந்ததற்குத் திருட்டைத் தவிர வேறு காரணமும் உண்டு என்று மட்டும் காட்டியது. கிராணியார் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காவல் நிலையத்திற்குப் போனார். நாமும் உடன் போனோம். மறுநாள் மத்தியானம் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். திருடியவர் யார் என்பது கடைசிவரையில் தெரியவே இல்லை.

சில மாதம் கழித்து அந்தத் தாயாரை ஆயாக் கொட்டகை வாசலில் பார்த்தபோது, "அந்தக் கண்ணாடி சொல்லாட்டியும் கிராணி பொஸ்தகம் சொல்லிருச்சு பாத்திங்களா, வாத்தியாரையா" என்றார். பையன் அப்போது தோட்டத்தில் இல்லை. பட்டணத்தில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். காவல் நிலையத்திலிருந்து அந்த இரண்டு கண்ணாடிப் பட்டைகளும் பழைய செய்தித்தாளில் சுற்றித் திரும்பி வந்தன. கரும்பொடி அப்படியே இருந்தது. துடைத்து மாட்டச் சொல்லி ஆள் கேட்டால் ஒருவரும் கை வைக்க முன்வரவில்லை. கடைசியில் பெரிய கிராணியாரே துடைத்து மாட்டிவிட்டு, அன்றைய தேதியைப் போட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.